கரும்பறவை: வானிலிருந்து பார்த்த கண்

போர் விமானங்களைப் பற்றி எழுதுவோர் குண்டு வீசுகின்றவற்றையும் ஒன்றையொன்று துரத்திச் சுடுகின்றவற்றையும் பற்றியே பெரும்பாலும் எழுதுகின்றனர். குண்டு விழுவதற்கு முன்னர் ஒரு கண் வந்து பார்த்துவிட்டுச் செல்கின்றது. அந்தக் கண்ணைப் பற்றி எழுதுவோர் குறைவு. அதற்குக் கீழே வாழ்ந்தவர்களுக்கு மட்டும் அதன் வரவு நன்கு தெரியும். வேவு விமானங்களுள் மிக வேகமானது எனப் பெயரெடுத்த அமெரிக்காவின் எஸ்.ஆர்-71 பற்றி இங்கு சிறிது விரிவாக எழுத விரும்புகின்றேன். 'பிளக்பேர்ட்' என்பது அதன் வழக்குப் பெயர். கரும்பறவை என்றே தமிழில் சொல்லலாம்.

கதை அதற்கு முந்திய விமானத்திலிருந்து ஆரம்பமாகின்றது. 1955ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த யு-2, ஏறத்தாழ 70,000 அடி உயரத்தில் மெதுவாகச் செல்லும் நீண்ட சிறகுடைய விமானம். 1956 ஜூலையிலிருந்து அது சோவியத் நாட்டின் மேலாகப் பறந்து படமெடுத்தது. சோவியத் ராடர்கள் அதனை ஆரம்பம் முதலே கண்டுகொண்டன. எட்டிப் பிடிக்கத்தான் வழியிருக்கவில்லை. 1960 மே 1ஆம் திகதி அந்த வழியும் கிடைத்தது. ஸ்வெட்லொவ்ஸ்க் நகருக்கு அருகே ஏவுகணை ஒன்று விமானத்தை வீழ்த்தியது. விமானி பிரான்சிஸ் கரி பவர்ஸ் பரசூட்டில் இறங்கிப் பிடிபட்டார். அவர் உயிருடன் இருப்பதை அறியாத வாஷிங்டன், காலநிலை ஆய்வு விமானம் ஒன்று துருக்கிப் பக்கமாகக் காணாமற் போய்விட்டது என்றும் விமானிக்கு ஒட்சிசன் கோளாறு ஏற்பட்டது என்றும் 'நாசா' மூலமாக அறிக்கை விட்டது. இரண்டு நாட்கள் பொறுத்திருந்த குருஷ்சேவ், விமானி எங்களிடம் உயிரோடு இருக்கிறார் என்று அறிவித்தார். அரசாங்க அறிக்கைகளைச் செய்தியாக்கி வாழ்நாளைக் கழித்த எம்மைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டு நாட்களும் ஒரு பாடநூல்.

பவர்ஸ் வீழ்ந்த பின்னரே அதிவேக விமானம் பற்றிய யோசனை பிறந்தது என்று பலர் எழுதியிருக்கின்றனர். அது சரியன்று. யு-2 விமானத்தின் காலம் நீளாது என்பதை சி.ஐ.ஏ. முன்னரே உணர்ந்திருந்தது. 1960 ஜனவரியிலேயே 12 விமானங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. பணி லொக்ஹீட் நிறுவனத்தின் 'ஸ்கங்க் வேர்க்ஸ்' என்ற இரகசியப் பிரிவுக்குச் சென்றது. கலிபோர்னியாவின் பேர்பாங்க் நகரில் இயங்கிய அப்பிரிவின் தலைவர் கிளாரன்ஸ் ஜோன்சன். 'கெலி' என்றே உலகம் அவரை அறியும். யு-2 விமானத்தையும் வடிவமைத்தவர் அவரே. ஓசையின் வேகத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகம், 80,000 அடிக்கு மேற்பட்ட உயரம், ராடரில் இயன்றவரை சிறிய உருவம் ஆகிய மூன்றும் அவரிடம் கேட்கப்பட்டன. அன்றைய தாரை விமானங்கள் அவ்வேகத்தைச் சில நிமிடங்கள்கூடத் தாங்கமாட்டா. இங்கே கேட்கப்பட்டதோ மணித்தியாலக் கணக்கில் அவ்வேகத்திலேயே செல்லும் விமானம்.

முதலில் பிறந்தது ஏ-12. ஒருவர் மட்டும் செலுத்துவது. நெவாடாப் பாலைவனத்தின் குறூம் ஏரிப் படுகையில் 1962 ஏப்ரலில் அது பறந்தது. அதன் சற்று நீண்ட, பாரங்கூடிய, இருவர் அமரும் தம்பியே விமானப்படைக்கெனச் செய்யப்பட்ட எஸ்.ஆர்-71. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி பாம்டேலில் பொப் கில்லிலண்ட் அதனை முதன்முதலாக வானேற்றினார்.

இந்த விமானத்தின் முதற் பகை வெப்பமே. 80,000 அடியில் வெளிக்காற்று உறைபனியிலும் குளிரானது. ஆயினும் அவ்வேகத்தில் காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுவதால் விமானத்தின் தோல் 260 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும். மூக்கு நுனியில் 400 பாகையைத் தாண்டும். வழமையான அலுமினியம் அங்கே வலுவிழந்துவிடும். ஆகவே விமானத்தின் ஏறக்குறைய 90 வீதமான பகுதி டைட்டேனியக் கலப்புலோகத்தால் ஆனது. எங்கள் புல்மோட்டைக் கரையின் கனிய மணலிலுள்ள இல்மனைட்டும் டைட்டேனியத்தின் தாதுதான். மண்ணில் அது அரிதானதன்று. அதை உலோகமாக்கி வளைப்பதுதான் அரிது. அக்காலத்தில் அதனைப் பெருமளவில் விற்கக்கூடிய நாடாகச் சோவியத் ஒன்றியம் இருந்தது. எனவே மூன்றாம் நாடுகளின் ஊடாகவும் பெயருக்கு மட்டும் இருந்த கம்பனிகளின் ஊடாகவும் சோவியத்தின் டைட்டேனியத்தை வாங்கி, சோவியத்தை வேவு பார்க்க விமானம் கட்டினார்கள்.

அந்த உலோகம் தொழிலாளர்களைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. கட்மியம் பூசிய சாவிகளால் முடுக்கிய ஆணிகளின் தலைகள் சூடேறியதும் கழன்று விழுந்தன. கருவிப் பெட்டிகளைத் தேடித் தேடி அத்தகைய சாவிகளையெல்லாம் அகற்றினார்கள். இன்னொன்று துப்பறியும் கதையையே ஒத்தது. கோடையில் ஒட்டிய பாகங்கள் விரைவில் பழுதாகின, மாரியில் ஒட்டியவை நிலைத்தன. காரணத்தைத் தேடிப் போனால், கோடையில் பாசி பிடிக்காதிருக்கப் பேர்பாங்க் நகரசபை குழாய் நீரில் கூடுதலாகக் குளோரின் கலந்து வந்திருக்கின்றது. அந்நீரில் கழுவிய டைட்டேனியம் குளோரினால் கெட்டது. அன்றிலிருந்து காய்ச்சி வடித்த நீரில் கழுவினார்கள். உலகின் அதிநுட்ப விமானம் ஒன்றின் ஆயுளை நகரசபைத் தண்ணீர்க் குழாய் நிர்ணயித்த இந்தச் செய்தி, விமானத்தின் வேகத்தைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது.

பறக்கும்போது சூட்டினால் விமானத்தின் நீளம் சில அங்குலங்கள் கூடும். அதற்கு இடம்விட்டுப் பொருத்தியிருந்தமையால் தரையில் நிற்கும்போது எரிபொருள் தாங்கிகள் ஒழுகின. ஓடுபாதையில் எண்ணெய் சொட்ட நின்ற அந்த உருவத்தைக் கண்டவர்கள், ஒழுகிய எண்ணெயை ஈடுசெய்யவே மேலெழுந்தவுடன் வானில் எரிபொருள் நிரப்புகின்றார்கள் என்று கதை கட்டினார்கள். உண்மை வேறு. முழுப் பாரத்துடன் எழும்போது ஓர் இயந்திரம் நின்றுபோனால் ஆபத்து என்பதால் குறைந்த எரிபொருளோடு எழுந்தார்கள். வானில் தாங்கிகளை முழுமையாக நிரப்பினால்தான் உள்ளே இருக்கும் காற்றை அகற்றி நைதரசனை நிறைக்கவும் முடிந்தது. அதன் பின்னரே உச்ச வேகம். எரிபொருளும் சாதாரணமானதன்று. ஜே.பி-7 எனப்படும் அதற்குள் எரியும் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். விமானத்தின் உட்பாகங்களைக் குளிரூட்டும் வேலையையும் அதுவே செய்தபின் இறுதியில் இயந்திரத்துக்குச் சென்று எரிந்தது. அதனைப் பற்றவைக்கக் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் ஓர் இரசாயனம் தேவைப்பட்டது. பச்சை நிறத்தில் ஒரு மின்னல் அடிக்கும். ஓர் இயந்திரத்துக்கு 16 முறை பற்றவைக்கவே இருப்பு உண்டு. இயந்திரத்தைச் சுழற்றி உயிர்ப்பிப்பதற்கோ தரையில் இரண்டு 'பியூக்' மோட்டார் கார் இயந்திரங்களைப் பூட்டிய வண்டியொன்றைப் பயன்படுத்தினார்கள்!

இயந்திரங்களின் பெயர் ஜே-58. பிராட் அன்ட் விட்னி செய்தது. ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் பெரிய கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். வேகம் கூடக்கூட அது 66 சென்ரிமீற்றர் வரை பின்னோக்கி நகர்ந்து, புயலாக நுழையும் காற்றை அடக்கி அழுத்தி உள்ளே அனுப்பும். உச்ச வேகத்தில் உந்துவிசையின் பாதிக்கு மேற்பட்ட பங்கை இந்த வாயிலே தந்தது. இயந்திரம் எனப்படும் நடுப்பகுதி தந்தது ஐந்தில் ஒரு பங்கிலும் குறைவு. இக்கூம்பு சிறிது பிசகினால் காற்றோட்டம் சட்டென்று வெளியே துப்பப்படும், விமானம் ஒரு பக்கமாகச் சுண்டி இழுக்கப்படும். விமானிகளின் தலை கண்ணாடியில் மோதும் அளவுக்கு அந்த உதறல் இருக்கும்.

1966 ஜனவரி 25ஆம் திகதி நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் மேல் அதுவே நடந்தது. பில் வீவர், ஜிம் ஸ்வேயர் ஆகிய இருவரும் லொக்ஹீட்டின் சோதனைப் பறப்பில் இருந்தனர். ஓசையின் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில், ஏறக்குறைய 78,000 அடியில், வலப்புறம் திரும்பிக்கொண்டிருந்தபோது வலப்பக்க வாயில் பிசகியது. சில கணங்களில் விமானம் அவர்களைச் சுற்றியே சிதறிப்போனது. வீவர் தம் ஆசனத்தை வெடிக்கச் செய்து வெளியேறவில்லை. அதற்கு நேரமே இருக்கவில்லை. நினைவு திரும்பியபோது தாம் இறந்துவிட்டதாகவே எண்ணியதாக அவர் பின்னர் கூறினார். அழுத்த உடுப்பு காற்றடைத்து ஒரு சிறு விமானக்கூடுபோல அவரைக் காத்தது. பரசூட் தானாக விரிந்தது. ஒரு மேய்ச்சல் நிலத்தில் அவர் இறங்க, நிலத்தின் உரிமையாளர் தமது ஹெலிகொப்டரில் வந்து சேர்ந்தார். சற்றுத் தொலைவில் ஸ்வேயரின் உடல் கிடந்தது. கழுத்து முறிந்திருந்தது. எஸ்.ஆர்-71 விமானங்கள் மொத்தம் 32 செய்யப்பட்டு, 12 விபத்துகளில் அழிந்தன. அவற்றுள் பறப்பின்போது உயிரிழந்தவர் ஸ்வேயர் ஒருவரே. எதிரியால் வீழ்த்தப்பட்டது ஒன்றேனும் இல்லை.

பெயர் பற்றிய ஒரு கதையும் உண்டு. 1964 ஜூலையில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் இந்த விமானத்தை உலகுக்கு அறிவித்தார். (கெலி ஜோன்சனுக்கும் இவருக்கும் உறவில்லை.) 'ஆர்.எஸ்-71' என்று எழுதியிருந்ததை ஜனாதிபதி வாய்தவறி 'எஸ்.ஆர்-71' என்று வாசித்துவிட்டார் என்றும், அவரைத் திருத்த அஞ்சி விமானத்தின் பெயரையே மாற்றிவிட்டனர் என்றும் பல புத்தகங்களில் வந்துள்ளது. ஜனாதிபதி தம் முன்னிருந்ததைச் சரியாகவே வாசித்தார். உரையில் எஸ்.ஆர். என்றுதான் இருந்தது. பத்திரிகையாளருக்குக் கொடுத்த பிரதியில்தான் பழைய பெயர் சில இடங்களில் திருத்தப்படாமல் கிடந்தது. எழுத்துப்பிழை எங்களுக்குக் கிடைத்த தாளில். பழி ஜனாதிபதியின் நாவுக்கு. சுவையான பொய்யைக் கொல்ல எந்தத் திருத்தக் குறிப்பாலும் முடியாது என்பதை ஆசிரிய பீடத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

1968 மார்ச் முதல் எஸ்.ஆர்-71 வட வியட்நாமின் மேல் பறந்தது. தளம் ஒகினாவாத் தீவின் கடேனா. அங்குள்ள மக்கள் அந்தக் கரிய, தட்டையான, நீண்ட உருவத்தைப் பார்த்து அதற்கு 'ஹாபு' என்று பெயரிட்டனர். அத்தீவின் நச்சுப் பாம்பு அது. அமெரிக்க விமானிகளும் அப்பெயரைப் பெருமையுடன் ஏற்றுத் தங்கள் உடுப்பிலே பாம்பு இலச்சினை தைத்துக்கொண்டனர். ஓடுபாதையின் வேலிக்கு வெளியே நின்றவர்கள் வைத்த பெயர் விமானிகளின் தோளில் ஏறிவிட்டது.

வேவு விமானத்துக்குப் பெயர் வைப்பதில் எங்கள் சனங்களும் சளைத்தவர்கள் அல்லர். 1990களின் யாழ்ப்பாணத்தில் மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் சிறு விமானத்தை 'கோள்மூட்டி' என்பார்கள். அது வந்து சென்றால் சிறிது நேரத்தில் 'பொம்மர்' வரும் என்பது அனுபவம். கோள் மூட்டுகின்றவன் அடிப்பதில்லை. அடிப்பவனை அழைத்து வருகின்றான். இதைவிடப் பொருத்தமான ஒரு கலைச்சொல்லை எந்தப் பல்கலைக்கழகத்துச் சொல்லாக்கக் குழுவும் தந்துவிடாது. பின்னாளில் ஆளில்லா விமானம் வந்தது. அது இரைந்துகொண்டே இருந்தமையால் 'வண்டு' ஆயிற்று. அந்நாட்களில் நான் வேலை செய்த பத்திரிகையின் அச்சுக்கூடத்தில், அச்சுக்கோப்பவர் எழுத்துப் பெட்டியில் கையை வைத்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் தெற்கே போனால் வேலை தொடரும். திரும்பினால் விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுவோம்.

கரும்பறவையில் அந்த முன்னறிவித்தல்கூட இல்லை. அதன் ஓசை நிலத்தை வந்தடைய ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் விமானம் 60 கிலோமீற்றருக்கு அப்பால் போயிருக்கும். கீழே இருப்பவனுக்கு இடிபோல இரட்டை முழக்கம் கேட்கின்றபோது அவனுடைய படம் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது. 1976 ஜூலை 28ஆம் திகதி அது நிலைநாட்டிய சாதனை வேகம் மணிக்கு 3,529 கிலோமீற்றர். பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு எட்டு நிமிடங்கள்கூட ஆகாது. ஒரு மணித்தியாலத்தில் 1 இலட்சம் சதுர மைல் நிலத்தைப் படமெடுக்கும் என்று அதனைச் செய்தவர்கள் சொன்னார்கள். அக்கணக்கின்படி இலங்கை முழுவதற்கும் கால் மணித்தியாலம் போதும். கமராவுக்கு முன்னாலிருந்த கண்ணாடி அந்தச் சூட்டில் நெளியாதிருக்க வேண்டும் என்பதற்காக, குவாட்ஸ் பலகையை டைட்டேனியச் சட்டத்துடன் ஒலி அலையால் ஒட்டும் முறையைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளும் 20 இலட்சம் டொலர்களும் செலவாகின. வழிகாட்டியதோ நட்சத்திரங்கள். பகலிலும் விண்மீன்களைத் தேடிப் பிடித்துத் தன் இடத்தைக் கணிக்கும் ஒரு கருவி விமானியின் முதுகுப்புறத்தே இருந்தது. உணவைக் குழாயில் அடைத்துக் கொண்டுபோன விமானிகள், அதனை முன்கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துச் சூடாக்கி உண்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள டக்ஸ்போர்ட் அருங்காட்சியகத்துக்கு மருமகன் என்னை அழைத்துச் சென்றான். 1976இல் 85,069 அடி உயரத்தில் சமநிலையாகப் பறந்து சாதனை படைத்த அதே எஸ்.ஆர்-71 அங்குதான் நிற்கின்றது. வயிற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். 32 மீற்றருக்கு மேற்பட்ட நீளம், அதற்குப் பாதியளவே சிறகு. படங்களில் கறுப்பு; அருகே கருநீலம். சூட்டை வெளியே கக்குவதற்காகவே அந்நிறம் பூசினார்கள். அழகான பொருள் என்பதை மறுக்க முடியாது. மருமகன் பலகையிலிருந்த எண்களை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினான். இலண்டனில் பிறந்தவன், விமானம் என்றால் அவனுக்கு விடுமுறை. தங்கை உள்ளே வரவில்லை. "நீங்கள் பாத்திட்டு வாங்கோ அண்ணா, நான் வெளியில நிக்கிறன்" என்றாள். "ஏன் மாமா அம்மா வரேல்லை?" என்று அவன் கேட்டபோது கோள்மூட்டி என்ற சொல்லை அவனுக்கு விளங்கப்படுத்த முயன்றேன். கோள் என்றால் கிரகம் என்றுதான் அவனுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சோவியத்தைப் பார்ப்பதற்காகப் பிறந்த இந்தக் குடும்பத்தின் ஒரு விமானமும் சோவியத் நிலத்தின் மேல் பறந்ததில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. பவர்ஸ் விவகாரத்துக்குப் பின் அத்தகைய பறப்புக்கு எந்த ஜனாதிபதியும் அனுமதி தரவில்லை. எல்லையோரமாகச் சென்று பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பதே நடந்தது. அது சென்ற பிற இடங்கள் பல. 1973இல் அரபு-இஸ்ரேல் போரின்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு மத்திய கிழக்கைப் படமெடுத்து மீண்டது. 1986 ஏப்ரலில் லிபியா மீது அமெரிக்கா குண்டு வீசியபின் சேதத்தைப் பார்க்க அதுவே சென்றது. ஈரான்-ஈராக் போர் நடந்த 1987இல் ஒகினாவாவிலிருந்து பாரசீகக் குடாவுக்கு, எங்கள் இந்து சமுத்திரத்தின் மேலாகப் பதினொரு மணித்தியாலப் பயணம் செய்தது.

அதே 1987 ஜூன் 29ஆம் திகதி பால்ட்டிக் கடலின் மேல் ஒரு விமானத்தின் வலப்பக்க இயந்திரம் வெடித்தது. உயரமும் வேகமும் இழந்து அது சுவீடனின் வான்பரப்புக்குள் நுழைந்தது. நடுநிலை நாடான சுவீடனின் விக்கன் போர் விமானங்கள் எழுந்துவந்து, துரத்துவதற்குப் பதிலாக இருபுறமும் காவலாகப் பறந்து அதனைப் பாதுகாப்பாக வழியனுப்பின. மேற்கு ஜேர்மனியில் அது தரையிறங்கியது. இச்சம்பவம் முப்பது ஆண்டுகள் இரகசியமாகவே இருந்தது. 2018 நவம்பரில்தான் அந்த நான்கு சுவீடன் விமானிகளுக்கும் அமெரிக்கா பதக்கம் அணிவித்தது. அவர்கள் அப்போது முதியவர்கள்.

விழுத்த முடியாத விமானத்தை இறுதியில் கணக்கெழுதுவோர் விழுத்தினர். அதற்கெனத் தனி எரிபொருள், அதைச் சுமக்கத் தனி விமானங்கள், கையால் செய்த உதிரிப்பாகங்கள். புதிதாகச் செய்யவும் வழியில்லை. வார்ப்புகளையும் கருவிகளையும் அழித்துவிடும்படி 1968லேயே உத்தரவிட்டிருந்தார்கள். 1976இல் வந்த புதிய செய்மதி படத்தை உடனுக்குடன் அனுப்பியது. கரும்பறவையோ தரையிறங்கிப் பிலிம் சுருளைக் கழுவும் வரை காத்திருக்க வேண்டும். 1989 ஏப்ரலில் கடைசியாக ஒன்று பிலிப்பைன்ஸ் கடலில் வீழ்ந்தபோது விமானிகள் இருவரையும் காப்பாற்றியவர்கள் அத்தீவின் மீனவர்களே. 1990 மார்ச் 6ஆம் திகதி ஒரு விமானம் லொஸ் ஏஞ்சல்சிலிருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிடங்களில் பறந்து நேரே அருங்காட்சியகத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1995இல் இரண்டு மூன்றை மீட்டெடுத்துப் பார்த்தனர். 1997இல் ஜனாதிபதி கிளின்டன் பணத்தை வெட்டினார். நாசா வைத்திருந்தது 1999 ஒக்டோபரில் கடைசி முறையாகப் பறந்தது.

எந்த விமானம் பழசாகிவிட்டது என்று இதனைக் கட்டினார்களோ, அந்த மெதுவான யு-2 அதன் பின்னரும் பறந்தது. 2023 பெப்ரவரியில் அமெரிக்காவின் மேலாக மிதந்து வந்த சீன பலூனை மேலே இருந்து பார்த்துவர அனுப்பப்பட்டதும் ஒரு யு-2 தான். விமானி தன் இருக்கையிலிருந்து எடுத்த படத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்டது. கீழே வெள்ளையாய் அந்தப் பலூன். அதன் மேல் யு-2 விமானத்தின் நிழல்.